ஐந்தே முக்காலுக்கு அடிக்கும் கேஸ் அலாரம்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, கட்டிவிட்டதும் இல்லை. நான் பேய், பிசாசு என்று அலைகிற ஆளும் கிடையாது. பால் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் வேலை. பால் புளித்ததா, தண்ணீர் கலந்ததா என்று ஒன்றுக்கு மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். நடுராத்திரி, அமாவாசை, சுடுகாடு என்றெல்லாம் எதிர்பார்த்து உட்காராதீர்கள். இது நடந்தது மாலை ஐந்தே முக்காலுக்கு. டிசம்பர் எங்கள் ஊரில் கோடைக்காலம், கடற்கரையில் ஏழரை மணி வரை வெயில் அடிக்கும். சுற்றிலும் ஜனம். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது. இருட்டாக இருந்திருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று சொல்லியாவது என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

அப்போது எனக்கும் நேலிஸுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். இரண்டு பேருக்குமே இது இரண்டாவது கல்யாணம். என் முதல் புருஷன் கேப் டவுனில் யாரோடோ இருக்கிறான், நன்றாக இருக்கட்டும். நேலிஸின் முதல் மனைவி செத்துப்போனவள். அதுதான் எனக்குப் பிரச்சினை. உயிரோடு இருக்கிறவள் என்றால் வயதாகும், இடுப்பு பெருக்கும், தினம் ஒரு சண்டை போடுவாள். செத்தவளுக்கு இதெல்லாம் எதுவும் கிடையாது. சுவரில் மாட்டின படத்தில் சிரித்துக்கொண்டே இருப்பாள். சுனெட் என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போய்விட்டாள் என்று நேலிஸ் சொல்லியிருந்தான். எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை. அவள் பேச்சை எடுத்தாலே அவன் குரல் இளகிவிடும். அதை எதற்கு நானே கிளறிவிட வேண்டும்?

டிசம்பர் வந்ததும், "ரோய்க்ளிப் போகணும்" என்றான்.

மோசல் பே தாண்டிக் கடலோரத்தில் இருக்கிற முகாம் அது. கேம்பர் வேனையும் கேரவனையும் கொண்டுவந்து நிறுத்தி, மூன்று வாரம் அங்கேயே குடியிருப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம். நேலிஸுக்குப் பதினேழாம் நம்பர் என்றால் வருடா வருடம் பதினேழுதான், அப்பன் போனால் மகனுக்கு. அக்கம்பக்கமும் மாறாது. பதினாறில் ஊம் சாரெல், அவர் மனைவி டன்னி ஹெஸ்டர். வயதில் மூத்தவர்களை ஊம், டன்னி என்றுதான் கூப்பிடுவோம், மாமா அத்தை மாதிரி. எதிர் வரிசையிலும் இருபது வருடப் பழக்கக்காரர்கள். பதினெட்டில் இருந்த மர்லீஸ் மட்டும்தான் புதுசு. போன வருடம் ஓர் இடம் காலியாகி, அதிர்ஷ்டத்தில் கிடைத்தது அவளுக்கு. புருஷனை விட்டுப் பிரிந்தவள். காற்று எவ்வளவு அடித்தாலும் தலைமுடி ஒரு இழை அசையாது, அப்படி வாரி நிறுத்தியிருப்பாள்.

நேலிஸின் கேம்பரில் ஏறினேன். ஏறினதுமே வயிறு எரிந்தது.

மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை, சுனெட் தைத்தது. தகர டப்பாக்களில் 'காபி', 'சர்க்கரை' என்று சுனெட்டின் கையெழுத்து. ஜன்னலோர இருக்கைக்கு எதிரே அலமாரிக் கதவில் ஒரு கண்ணாடி, உட்கார்ந்துகொண்டு தலைவாருவதற்கு. அதையும் அவள் உயரத்துக்குத் திருகி வைத்திருந்தார்கள். அவள் நெட்டை, நான் குட்டை. இருக்கையில் உட்கார்ந்தால் என் நெற்றியும் கொஞ்சம் முடியும்தான் அதில் தெரியும். "இதைக் கொஞ்சம் இறக்கி மாட்டிக் குடேன் நேலிஸ்" என்றேன். "ஓட்டை விழுந்துடும்" என்றான். மரப்பலகையில் இரண்டு ஓட்டை விழுவதற்கு அவ்வளவு யோசனை!

முதல் நாள் சாயங்காலம். எல்லா இடத்திலும் பிராய்க்குக் கரி மூட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் பிராய் இல்லாமல் விடுமுறை இல்லை. கரி கனன்று சாம்பல் பூத்ததும் கம்பி வலையைப் போட்டு ஆட்டுக்கறியும் சுருள் சாசேஜும் வாட்டுவோம்.

"போய்க் குளிச்சுட்டு வா, எல்மரி. அப்புறம் வரிசை நீளமாயிடும்" என்றான் நேலிஸ்.

பொதுக் குளியலறைக்குப் போய்க் குளித்துவிட்டுத் துண்டும் கையுமாகத் திரும்பி வருகிறேன். பாதி வழியில் கேட்டது.

பீப்… பீப்… பீப்… பீப்…

எங்கள் கேம்பரிலிருந்துதான். காதைக் கிழிக்கிற சத்தம். இருக்கைக்குக் கீழே, தரையோரம் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. கேஸ் கசிந்தால் அலறுகிற அலாரம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும், அதனால் பெட்டியும் கீழேயே.

ஓடினேன். நேலிஸ் வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்த பிறகுதான் துள்ளி எழுந்தான். சிலிண்டரை மூடினான், உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டான். அவன் கால் வைத்ததுமே சத்தம் நின்றுவிட்டது.

அக்கம்பக்கம் கப்சிப். யாரும் என்ன, ஏது என்று கேட்கவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கேஸ் அலாரம் அடித்தால் முகாமே கூடிவிடாதா? அதைவிட விசித்திரம் ஊம் சாரெல். அவர் பாட்டுக்கு இடுக்கியை எடுத்து, கறித்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தம் வலையில் அடுக்க ஆரம்பித்தார். டன்னி ஹெஸ்டர் அவர் கையில் படாரென்று ஒரு அடி போட்டார். அவர் என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அடுக்கின கறியை மறுபடி தட்டில் எடுத்து வைத்தார்.

சரி, கசிவு என்றால் கண்டுபிடிக்க வேண்டியதுதான். மறுநாள் காலை நான் சோப்புத் தண்ணீரைக் கலக்கினேன். சிலிண்டர் மூக்கு, ரெகுலேட்டர், குழாய், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லா இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவினேன். கசிந்தால் குமிழி வரும். ஒரு குமிழிகூட வரவில்லை.

சாயங்காலம் ஐந்தே முக்கால். நான் குளியலறையில். பீப்… பீப்… பீப்…

"கசிவு இல்ல, நாய்தான்" என்றார் ஊம் சாரெல். அவர்களுடைய குட்டைக்கால் நாய் பாட்டோ எங்கள் இருக்கைக்கு அடியில்தான் பகலெல்லாம் தூங்கும். "அவன் நேத்து பீன்ஸ் தின்னான். அவன் விடற காத்துக்கு அலாரம் என்ன, தீயணைப்பு வண்டியே வரும்."

நானும் சிரித்தேன். உண்மையிலேயே நாய் விடுகிற காற்றுக்கும் அந்தப் பெட்டி அலறும். மறுநாள் பாட்டோவை உள்ளே விடவில்லை. விட்டாலும் வந்திருக்க மாட்டான். சாயங்காலமானால் படிக்கட்டில் முன்கால் வைத்துவிட்டு, முதுகு ரோமம் சிலிர்க்கப் பின்வாங்குவான்.

அன்றும் அடித்தது.

பேட்டரி இறங்கினாலும் பொய்யாக அடிக்கும். கரண்ட் அடிக்கடி போகிற காலம், பேட்டரி சரியாக ஏறியிருக்காது என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க சார்ஜில் போட்டேன். அடித்தது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன், எறும்பு, பூச்சி எதுவும் இல்லை. அடுப்பைத் தொடவேயில்லை, சிலிண்டரைக் கழற்றி வெளியே மரத்தடியில் வைத்தேன். அப்போதும் அடித்தது. கேஸே இல்லாத வண்டியில் கேஸ் அலாரம்!

"பெட்டி பழசாயிடுச்சு, புதுசு வாங்குவோம்" என்றேன்.

"எதுக்குத் தண்டச் செலவு? கொஞ்ச நேரம் அடிச்சுட்டு அதுவா நிக்குது. இருந்துட்டுப் போகட்டும்" என்றான் நேலிஸ்.

ஒரு சோப்பு பிரஷ்ஷைக்கூட அவன் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நானே மோசல் பேக்குப் போய்ப் புதுப் பெட்டி வாங்கி, என் கையாலேயே வயரைப் பொருத்தினேன். அதுவும் ஐந்தே முக்காலுக்கு அடித்தது. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி மேஜையில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. உள்ள ஸ்ப்ரே ஏதாவது அடிக்கிறீங்களா? கொசுவுக்கு, தலைமுடிக்கு?"

"இல்லையே."

"யோசிச்சுப் பாருங்க. தலைமுடி ஸ்ப்ரே டப்பாக்குள்ள மருந்தைத் தள்ளி விடறதே கேஸ்தான். உங்க அடுப்புல எரியறதும் அதேதான். இந்தப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. இங்க வர்ற பொய் அலாரத்துல பாதி பொம்பளைங்க தலை சீவறதாலதான்."

எனக்கு வீசிங். ஸ்ப்ரே வாசனை பட்டாலே மூச்சு இழுக்கும், இன்ஹேலர் இல்லாமல் வெளியே போக மாட்டேன். முடியையும் ஆம்பிளை மாதிரிக் குட்டையாக வெட்டியிருக்கிறேன். என் கேம்பருக்குள் யார் தலைக்கு ஸ்ப்ரே அடிக்கிறார்கள்?

வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அலாரம் அடிப்பது நான் குளிக்கப் போயிருக்கும்போது. என்னைத் தினமும் குளிக்க அனுப்புவது நேலிஸ். பக்கத்து இடத்தில் ஒரு இழை அசையாத தலைமுடி!

அடுத்து என்ன நினைத்தேன் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. செத்தவளோடு மல்லுக்கட்டுவது போதாது என்று உயிரோடு ஒருத்தி வேறா?

திரும்பினதும் பெட்டியைப் பழையபடி மாட்டிவைத்தேன். அன்று சாயங்காலம் நேலிஸ் வாயைத் திறக்கும் முன்னால் நானே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். குளியலறைப் பக்கம் நடந்து, பாதையில் திரும்பி, புதர்களுக்குப் பின்னால் வந்து நின்றேன். அங்கிருந்து எங்கள் கேம்பரின் கதவும் மர்லீஸின் கேரவனும் நன்றாகத் தெரியும்.

மர்லீஸ் வெளியே மேஜையில் உருளைக்கிழங்கு சாலட் கலந்துகொண்டிருந்தாள். நேலிஸ் நெருப்புக்குப் பக்கத்தில். கேம்பர் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை.

ஐந்தே முக்கால்.

நேலிஸ் கையிலிருந்த பீரைக் கீழே வைத்தான். சட்டைக் காலரைச் சரி செய்தான். பெண் பார்க்க வந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பீப்… பீப்… பீப்…

மர்லீஸ் மேஜையை விட்டு நகரவேயில்லை. நேலிஸும் நகரவில்லை. நான் ஓடிப்போய் அவனைத் தாண்டிப் படியேறினேன். சத்தம் சட்டென்று நின்றது.

உள்ளே வாசனை. இனிப்பாக, தொண்டையில் ஒட்டுகிற வாசனை. எந்தப் பெண்ணுக்கும் தெரியும் அது என்ன வாசனை என்று. எதிரே அலமாரிக் கண்ணாடி பனி படர்ந்த மாதிரி மங்கலாக இருந்தது. நான் பார்க்கப் பார்க்கப் பொடிப்பொடித் துளிகள் நடுவிலிருந்து ஓரத்துக்கு உலர்ந்துகொண்டே போயின. இருக்கையின் மெத்தையில் ஒரு பள்ளம்… அதுவும் மெல்ல மெல்ல மேலே எழும்பியது.

இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டு நேராக டன்னி ஹெஸ்டரிடம் போனேன்.

"டன்னி, சுனெட் தலைக்கு ஸ்ப்ரே அடிப்பாளா?"

அவர் கையிலிருந்த தக்காளியைக் கீழே வைத்தார். "உன்கிட்ட யாரு சொன்னா?"

"அடிப்பாளா மாட்டாளா?"

"அடிப்பா பொண்ணே. கடல் காத்துல முடி நிக்கணுமே. தினம் இந்த நேரத்துக்குத்தான். அவ அடிச்சதும் அந்தப் பெட்டி கத்தும். பத்துப் பன்னண்டு வருஷம் இதே கூத்து. பெட்டி கத்தினா சுனெட் ரெடி, கறியை வைக்கலாம்னு அர்த்தம். இந்த வரிசை முழுக்க அதைக் கேட்டுத்தான் வலையில கறியைப் போடும். கடிகாரம் யாருக்கு வேணும்?" சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மனுஷன் அன்னைக்குப் பழக்க தோஷத்துல வெச்சுட்டார். நீ தப்பா எடுத்துக்காத மா."

அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே, இந்த வரிசை முழுக்கத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் பைத்தியக்காரி மாதிரிச் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

நேலிஸ் கரியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

கரியைக் கிளறுவதை அவன் நிறுத்தவில்லை.

"அதுக்குத்தான் என்னைக் குளிக்க அனுப்பற. இல்ல?"

"அஞ்சு நிமிஷம் எல்மரி" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம். மீதி நேரமெல்லாம் உனக்குத்தான். அந்த அஞ்சு நிமிஷத்தைக்கூட விட்டுக் குடுக்க மாட்டியா?"

எனக்கு இருந்திருக்க வேண்டியது பயம். சத்தியமாகச் சொல்கிறேன், பயம் துளிகூட வரவில்லை. வந்தது ஆத்திரம்தான். சக்களத்தி என்றால் ஜன்னல் வழியாகப் பார்த்துத் திட்டலாம், முடியைப் பிடித்து இழுக்கலாம். இவளை எங்கே பிடிப்பது? உள்ளே போய்க் கட்டிங் பிளேயரால் அலாரத்தின் இரண்டு வயரையும் நறுக்கினேன். பெட்டியைத் திருகிக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினேன்.

"நாளைக்கு நான் குளிக்கப் போக மாட்டேன். அந்த இருக்கையில நான்தான் உக்காருவேன். பார்க்கலாம்."

நேலிஸ் என் கைப்பையைப் பார்த்தான். "பெட்டியைத்தானே அறுத்த" என்றான்.

மறுநாள் உட்கார்ந்தேன். ஐந்தரைக்கே. குளியல் பை, அதற்குள் இன்ஹேலர், வெளியே கொடியில் தொங்கியது. எடுத்து வர மறந்திருந்தேன். காற்று சிலுசிலுவென்று வீசியது, கதவைச் சாத்திக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே நேலிஸின் முதுகு. அதற்கப்பால் ஊம் சாரெலின் நெருப்பு. எதிரே கண்ணாடியில் வழக்கம்போல என் நெற்றி, குட்டை முடி.

'வா' என்று மனதுக்குள் சொன்னேன். 'வந்து பார். இது என் புருஷன். இது என் இடம்.'

ஐந்தே முக்கால் ஆயிற்று.

ஒன்றுமில்லை. அலாரம் இல்லை. அமைதி.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஸ்ஸ்ஸ்…

கறியை வலையில் போட்டுவிட்டார்கள் போல. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆமாம், ஊம் சாரெல் இடுக்கியோடு நின்றார், புகை கிளம்பியது. எதிர் வரிசையிலும் கறியை வைத்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில். ஏன்?

ஸ்ஸ்ஸ்… ஸ்ஸ்ஸ்…

இந்தச் சத்தம் வெளியே இல்லை.

என் வலது காதுக்குப் பக்கத்தில்.

தலையில் சில்லென்று பட்டது. பனித்துளி மாதிரி. பிறகு நெற்றியில். பிறகு இடது பக்கம்… பின்கழுத்தில்… யாரோ சுற்றிச் சுற்றி, நிதானமாக, அழகாக அடிக்கிற மாதிரி.

அந்த வாசனை.

மூச்சு இழுத்தேன். வரவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் நகரவில்லை.

கண்ணாடியைப் பார்த்தேன்.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடிதான் இருந்தேன். ஆனால் கண்ணாடியில்… முழு முகமும் தெரிந்தது. நெற்றி, கண், மூக்கு, வாய், கழுத்து வரை.

என் முகம்தான்.

அவள் உயரத்தில்.

அந்த முகம் மூச்சுக்குத் தவிக்கவில்லை.

ஜன்னலைத் தட்டினேன். கத்தினேன். குரல் வரவில்லை. தட்டினேன்… தட்டினேன்…

நேலிஸ் திரும்பவில்லை.

இரண்டு கை தூரம். அவன் பிடரி தெரிகிறது. தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தான்.

ஊம் சாரெல் கறியைத் திருப்பிப் போட்டார்.

பாட்டோ எங்கேயோ ஊளையிட்டான்.

ஸ்ஸ்ஸ்…

கதவு திறந்தது. மர்லீஸ். என் அக்குளில் கையைக் கொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள். "இன்ஹேலர் எங்க? எங்க வெச்சிருக்க?" என்று கத்தினாள். கொடியைக் காட்டினேன். ஓடி எடுத்து வந்து என் வாயில் வைத்து அழுத்தினாள். புல்லில் கிடந்து ஆகாயத்தைப் பார்த்தேன். நல்ல வெயில்.

யாரைச் சந்தேகப்பட்டேனோ அவள்தான் வந்தாள். அந்த வரிசையில் அவள் ஒருத்திதான் வந்தாள்.

அன்றிரவு மர்லீஸின் கேரவனில் படுத்தேன். டன்னி ஹெஸ்டர் சூப் கொண்டுவந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து அழுதார்.

"மன்னிச்சுக்கோ பொண்ணே. மறுபடியும் அதே தப்பைப் பண்ணிட்டோம்."

"என்ன தப்பு டன்னி?"

"சுனெட் எங்க செத்தான்னு நேலிஸ் சொல்லலையா?"

சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் செத்தது அந்த இருக்கையில். தலைக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு அடைத்திருக்கிறது. டப்பா அடியில் மாட்டி, அவள் கனத்தில் அமுங்கி, அது பாட்டுக்குச் சீறிக்கொண்டே இருந்திருக்கிறது. அலாரம் நிற்காமல் அடித்திருக்கிறது. யாரும் எழுந்திருக்கவில்லை. பெட்டி கத்தினால் சுனெட் ரெடி, அவ்வளவுதானே? எல்லோரும் கறியை வைத்தார்கள். 'இன்னைக்கு ரொம்ப அலங்காரம் போல' என்று ஊம் சாரெல் கிண்டல் செய்தாராம். 'போதும் சுனெட், வா' என்று நேலிஸ் வெளியிலிருந்தே குரல் கொடுத்தானாம். கறி வெந்து தட்டில் எடுத்த பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

"உயிர் உடனே போகலைன்னு டாக்டர் சொன்னார் மா. ஜன்னல்ல அவ கை தடம் இருந்துச்சு." டன்னி மூக்கைச் சிந்தினார். "இன்னைக்கும் அதே மாதிரித்தான். பெட்டி கத்திக்கிட்டே இருந்துச்சு, நிக்கவே இல்ல. நாங்க சுனெட்தான்னு…"

"எந்தப் பெட்டி?"

"என்ன பொண்ணே கேக்கற? அலாரம்தான்."

நான் மர்லீஸைப் பார்த்தேன். மர்லீஸ் என்னைப் பார்த்தாள்.

"அலாரமா?" என்றாள் மெதுவாக. "இன்னைக்கு எதுவும் அடிக்கலையே டன்னி. எனக்கு ஜன்னலைத் தட்டற சத்தம்தான் கேட்டுச்சு. அதான் ஓடி வந்தேன்."

டன்னிக்கு நான் தட்டியது கேட்கவில்லை. ஊம் சாரெலுக்கும் கேட்கவில்லை. எதிர் வரிசையில் மறுநாள் ஒவ்வொருவரையும் விசாரித்தேன், அதுதானே என் வேலை. சுனெட்டைத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அலாரம் கேட்டிருக்கிறது. தெரியாதவள் மர்லீஸ், அவளுக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து காட்டினேன். நறுக்கின வயரோடு பெட்டி உள்ளேயே கிடந்தது.

ஊருக்குத் திரும்பும் முன்னால் நேலிஸிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"சத்தம் நிக்காம அடிச்சுதே, அப்பவாவது உள்ள வரணும்னு தோணலையா?"

அவன் நாற்காலியை மடக்கி வண்டிக்குள் வைத்தான்.

"நான் உள்ள காலை வெச்சா நின்னுடுது" என்றான். "அன்னைக்குத்தான் ரொம்ப நேரம் இருந்தா."

உள்ளே நான் இருந்தேன். அவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தான்.

அவனை விட்டு வந்துவிட்டேன். தலைமுடி எத்தனை அலசியும் விறைப்பு போகவில்லை, கடைசியில் மழித்துத்தான் எடுத்தேன். நேலிஸ் இந்த டிசம்பரும் பதினேழாம் நம்பருக்குப் போயிருக்கிறான், தனியாக. கேம்பரில் அலாரம் பெட்டியே கிடையாது, அது என் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது. ஆனாலும் ஐந்தே முக்காலுக்கு வரிசை முழுக்கக் கறியை வைக்கிறார்களாம், டன்னி ஹெஸ்டர் போனில் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். இந்த வருடம் அந்தச் சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதாம். நின்றதும் கேம்பர் கதவு தானாகத் திறக்கிறதாம், நேலிஸ் எழுந்து இரண்டாவது நாற்காலியை விரித்துப் போடுகிறானாம்.

அந்தப் போன் வந்ததிலிருந்து நானும் தினமும் ஐந்தே முக்காலுக்கு இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். எனக்கு ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை.